மலாக்கா போய்வந்தவள்

மலாக்காவில் நான் மூன்று மாதம் குடியிருந்திருக்கிறேன். ஐந்து வயசில். செஞ்சிக்கோட்டை அடிவாரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் திண்டிவனத்தைக்கூடத் தாண்டாத காலம் அது. அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் பீற்றிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நைனாவும் சித்தப்பாவும் அங்கே சரக்குப் படகுகளைப் பழுதுபார்க்கும் தச்சர்கள். அம்மாவும் நானும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தோம். ஆற்றங்கரையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்ற வீடுகளில் ஒன்றின் மாடியறையில் எங்களுக்கு வாசம். செங்குத்தான மரப்படியில் நான் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவேன். சன்னலைத் திறந்தால் ஆற்றுச்சேற்று நாற்றமும், கீழ்வீட்டுச் சீன அம்மா பூண்டு வதக்கும் வாசனையும் சேர்ந்து வரும். எனக்கு இரண்டும் பிடித்திருந்தன.

ஞாயிறு பூசை முடிந்ததும் நைனா என்னைக் குன்றுக்குக் கூட்டிப்போவார். உச்சியில் கூரை போன பழைய மாதாகோயில் ஒன்று மொட்டையாக நிற்கும். செஞ்சியின் ராஜகிரி மலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதையெல்லாமா குன்று என்கிறார்கள் என்று இளக்காரம். ஆனால் அங்கிருந்து கடல் தெரியும்.

“நைனா, இங்கேர்ந்து பாத்தா செஞ்சி தெரியுமா?”

“தெரியுமே. இன்னும் கொஞ்சம் எக்கு.”

எக்கி எக்கிக் கால் வலித்ததுதான் மிச்சம். நைனா விழுந்து விழுந்து சிரித்தார்.

அம்மா முழுகாமல் இருந்தாள். பிரசவம் ஊரில்தான் என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார் நைனா. அதற்குள் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான். கடிதம் நின்றுபோயிற்று. தங்கச்சி பிறந்தாள், ஒரு வருஷம்கூட நிறையாமல் சுரத்தில் போய்விட்டாள். நைனா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதன் பிறகு அம்மாவுக்கு இந்த உலகத்தில் ஒரே கேள்விதான்: மனுஷன் இருக்கிறாரா, இல்லையா? தபால்காரரைப் பார்த்தால் வாசல்வரை போவாள். அவர் தாண்டிப் போனதும் ஒன்றும் நடக்காததுபோல் உள்ளே வருவாள்.

சண்டை முடிந்த மறுவருஷம் சித்தப்பா வந்தார். தனியாக. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், யாரோபோல் இருந்தார்.

“அண்ணனுக்குக் கப்பல்ல எடம் கெடைக்கல அண்ணி. பின்னாலயே வருவாரு” என்றார் தரையைப் பார்த்தபடி.

அம்மா அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நான் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன். மலாக்காவைப் பற்றிப் பேசுவதற்கு, அதைப் பார்த்த இன்னொரு ஆள் கிடைத்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

“நம்ம வீட்டுக்கிட்ட அந்த ஆத்துப் பாலம் இருக்குதா சித்தப்பா? சீன அம்மா இருக்காங்களா? நைனா இன்னும் அந்த மாடிலதான் இருக்காரா?”

“ம்” என்றார். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று நினைத்தேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. செத்தவர்களின் குழிமேல் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்ளும் நாள். காலையிலிருந்தே தூறல். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. அதனடியிலும் சிலர் வர்த்தி வைப்பார்கள். யாருக்கு என்று ஒருமுறை அம்மாவைக் கேட்டதற்கு, “இங்க குழி இல்லாதவங்களுக்கு” என்றாள். குழி தோண்டக்கூட நாதியில்லாத பிச்சைக்காரர்களுக்கு என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

சண்டை முடிந்தும் கடையில் சாமான் தட்டுப்பாடு தீரவில்லை. அம்மாவுக்குக் கிடைத்ததே ஒரு வர்த்தி. பொழுது சாய்ந்ததும் அதைத் தங்கச்சி குழிமேல் ஏற்றி, உடைந்த பானை ஓடு ஒன்றைக் காற்றுக்கு மறைப்பாக வைத்தாள். காற்றில் ஓடு சரிந்து விழுந்து, வர்த்தி நசுங்கிச் சேற்றில் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. சுற்றிலும் எல்லாக் குழியும் எரிகிறது, என் தங்கச்சி மட்டும் இருட்டில்.

அப்போதுதான் பெரிய சிலுவையடியில் சித்தப்பாவைப் பார்த்தேன். ஒரு வர்த்தியை ஏற்றிவைத்து, முட்டி போட்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். குழிகளை மந்திரிக்க வந்த சாமியாருக்குக் குடை பிடிக்க யாரோ கூப்பிட, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். நான் ஓடிப்போய் அந்த வர்த்தியைப் பிடுங்கி, கையால் பொத்திக்கொண்டு வந்தேன்.

“ஏதுடி இது?”

“சித்தப்பா பெரிய சிலுவைல வச்சாரும்மா. யாருக்கோ வீணா எரியுது. பாப்பாக்கு எடுத்தாந்துட்டேன்.”

“யாரு? சித்தப்பாவா?”

“ஆமா. அழுதாரு, நானே பாத்தேன்.”

என் சமத்துக்கு ஒரு முத்தமாவது கிடைக்கும் என்று நின்றேன். அம்மா வர்த்தியை வாங்கிக்கொண்டாள். மெழுகு உருகி விரலில் வழிந்தது, அவள் உதறவில்லை. பெரிய சிலுவைக்கு நடந்து போய், இருந்த இடத்திலேயே அதை நட்டாள். தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சித்தப்பா குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து சேற்றில் உட்கார்ந்தார்.

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல அண்ணி...”

“எழுந்திருப்பா” என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

நைனாவைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் இழுத்துப் போனதும், அங்கே காட்டில் அவர் காலராவில் செத்ததும், உடலைச் சித்தப்பாவால் தேடக்கூட முடியாமல் போனதும் எனக்குத் தெரிய இன்னும் சில வருஷம் இருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ ஒரு பிச்சைக்காரனுக்காக அம்மா என் தங்கச்சியை இருட்டில் விட்டாள் என்பதுதான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீடுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் நடந்தேன். அவளும் பேசவில்லை. என் கோபத்துக்குப் பயந்துவிட்டாள் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.