மறுமுனையில் ஆள் இல்லை

புருலுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அக்காளை ‘எஜே’ என்று அழைக்கும் தங்கை அனார்குல், “எங்க எஜே பிஷ்கெக்குல யாரும் பேசாத போனைக் காதுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க” என்பாள். கிண்டல்தான், ஆனால் பாதி உண்மை. புருல் எழுதுவது சாக்கெட் நிரல். ஒரு கணினி தொலைவிலுள்ள இன்னொன்றோடு பேச வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் வாசல் திறக்க வேண்டும். பேச்சு இருக்கிறதோ இல்லையோ திறந்தே வைத்திருக்க வேண்டும். முடிந்ததும் இரு பக்கமும் சொல்லிக்கொண்டு மூட வேண்டும். இதைக் கட்டி மேய்ப்பதுதான் அவள் பிழைப்பு. அனார்குல் மலையில் குதிரை மேய்த்தாள். எது அதிகம் முரண்டு பிடிக்கும் என்று அக்காளும் தங்கையும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள்.

இணைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறவர்களைக் கண்டால் புருலுக்கு ஆகவே ஆகாது. அப்படி விட்ட இணைப்புகள் குவிந்து சர்வர் மூச்சு முட்டி நிற்கும்போது, எழுதியவனின் மேசைக்கே போய், “உங்க வீட்டுக் கதவை யாருப்பா சாத்துறது, ஆட்டுக்குட்டியா?” என்று கேட்பாள். அலுவலகத்தில் அவளுக்குப் பயப்படாதவர் மேலாளர் எர்கின் ஒருவர்தான். அவருக்கும் பயம் உண்டு, காட்டிக்கொள்ள மாட்டார்.

கோக்சாய் பள்ளத்தாக்கின் உச்சியில், பனிக்கட்டி அணைத்து நிறுத்தியிருக்கும் ஏரி ஒன்று உண்டு. அது உடைத்துக்கொண்டால் கீழே ஆற்றங்கரை மேய்ச்சலில் இருக்கும் கூடாரங்கள் ஒன்றும் மிஞ்சாது. அங்கேதான் அனார்குல் கோடை முழுக்கக் கணவன், குழந்தைகள், மாமனார் மாம்பெதாலியோடு இருப்பாள். ஏரியில் நீர்மட்டம் அளக்கும் கருவியும் மேய்ச்சலில் சைரனும் வைக்கும் வேலை புருலின் நிறுவனத்துக்கு வந்தபோது அவள் அதை யாருக்கும் விடாமல் தானே எடுத்துக்கொண்டாள்.

அவள் முதலில் எழுதியது சரியாகத்தான் இருந்தது. சர்வர் அடிக்கடி “இருக்கியா?” என்று கேட்கும், கருவி “இருக்கேன்” என்று சொல்லும். பதில் வராவிட்டால் திரையில் சிவப்பு, மலையில் சைரன். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் என்பது மேகத்தின் தயவு. ஒரு மழை நாளில் பதில் தாமதமாக, சைரன் ஊளையிட்டது. எல்லோரும் குழந்தை குட்டிகளோடு வழுக்கும் சரிவில் ஏறி நனைந்து நின்றார்கள், தண்ணீர் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் அதே கூத்து. அந்த ஓட்டத்தில் மாம்பெதாலியின் சினைக்குதிரைக்குக் கரு கலைந்துபோனது.

கிழவர் அடுத்த நாளே கம்பளித் தொப்பியும் சேற்றுப் பூட்ஸுமாக அலுவலகத்தில் வந்து நின்றார். “யாருடா இங்க பெரியவன்? உங்க ஊதலு மழைக்கும் ஊதுது, காத்துக்கும் ஊதுது. நாளைக்கு நான் தும்மினாலும் ஊதுமா?” என்றவர், புருலைப் பார்த்ததும் சம்பந்தி வீட்டுப் பெண் என்பதால் குரலைத் தாழ்த்தினார். “நீ படிச்ச பிள்ளை. உனக்குத் தெரிஞ்சா தெரிஞ்சதுன்னு சொல்லு. தெரியாததுக்கெல்லாம் எங்களை மலையேத்தாதம்மா.”

அவர் போனதும் எர்கின், “அந்த ‘இருக்கியா’வைத் தூக்கிடு” என்றார்.

“தூக்கினா அந்தப் பக்கம் செத்தாலும் நமக்குத் தெரியாது பைக்கே” என்றாள் புருல்; மூத்தவரை ‘அண்ணே’ என்பதுபோல அந்தப் ‘பைக்கே’. “ மூணாவதா மஞ்சள் ஒண்ணு வைப்போம். ஆபத்துன்னு இல்ல, தகவல் இல்லைன்னு காட்டும்.”

“அதிகாரிங்களுக்குச் சிவப்பு, பச்சை ரெண்டுதான் புரியும். மஞ்சளைக் காட்டினா இது என்னன்னு என்னைத்தான் குடைவாங்க.”

புருல் சண்டை போட்டாள், பிறகு விட்டுவிட்டாள். கிழவரின் குதிரை அவள் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது. நீர்மட்டம் மாறினால் மட்டும் கருவி பேசும், மாறாவிட்டால் சும்மா இருக்கும் என்று நிரலை மாற்றி எழுதினாள். அன்று முதல் மௌனம் என்றால் நல்ல செய்தி என்றாயிற்று. மலையில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள், இவளைத் தவிர.

ஜூலையில் ஒரு மதியம். நல்ல வெயில். மேசையிலேயே சம்சா தின்றுகொண்டு திரையைப் பார்த்தவளுக்கு வாயிலிருந்தது இறங்கவில்லை. ஏரியின் அளவு காலையில் இருந்த அதே எண். இந்த வெயிலுக்குப் பனி உருகி, மதியத்துக்குள் கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறாத ஏரி கிடையாது. இணைப்பு மட்டும் பச்சையாக, உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அவள் எர்கினிடம் ஓடினாள். “கருவி பேசலை பைக்கே. சைரனைப் போடணும்.”

“பச்சைதானே காட்டுது?”

“நாம மூடலைங்கறதால பச்சை. எதிர்ல இருக்கறவன் சொல்லாமக் கொள்ளாமச் செத்துட்டா, இந்த முனை பாட்டுக்கு ரிசீவரைக் காதுல வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும்.”

“பேட்டரி போயிருக்கும். இன்னொரு தடவ சும்மா ஊதினா கிழவன் என் கழுத்தைத் திருகிடுவான்.”

“என் தங்கச்சி அங்க இருக்கா” என்றாள் புருல். எர்கின், “போடு” என்று கையை அசைத்தார்.

சைரன் கட்டளையை அனுப்பினாள். ‘அனுப்பப்பட்டது’ என்றது திரை. அந்தச் சொல்லின் லட்சணம் அவளுக்குத் தெரியும்; கட்டளை தன் கணினியை விட்டுக் கிளம்பியது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. மலையிலிருந்து பதில் வரவில்லை. மலையிலுள்ள கைப்பேசிக் கோபுரத்தில் மின்சாரம் போய் வந்தால் பழைய இணைப்புகளை அது மறந்துவிடும். சைரனோ கட்டளைக்குக் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாத பிறவி. தன் இணைப்பு செத்தது அதற்கே தெரிந்திருக்காது. புருல் பழைய இணைப்பை வெட்டினாள், புதிதாகத் திறந்தாள். தோல்வி. மறுபடி திறந்தாள். ஒருவழியாக மறுமுனை எடுத்தது. ‘ஒலிக்கிறது’ என்று பதில் வந்தது. ஏரிக் கருவியை எத்தனை முறை கூப்பிட்டும் மூச்சில்லை.

சற்று நேரத்தில் அவள் கைப்பேசி அடித்தது. மேய்ச்சலில் சிக்னல் கிடைக்கும் ஒரே மேட்டில் ஏறி நின்று அனார்குல் மூச்சு வாங்கினாள்.

“எஜே, உன் ஊதல் மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு. இங்க வானம் பளிச்சுன்னு இருக்கு. நிஜமாவே தண்ணி வருதா?”

“தெரியல.”

“தெரியலையா? தெரியாமலா ஊதினே?”

“கருவி பேசல அனார். தண்ணி வருதுன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. ஏறிடுங்க. எல்லாரும் ஏறிடுங்க.”

“மாமாகிட்ட என்னன்னு சொல்ல? தெரியலைன்னா?”

“உள்ளதைச் சொல்லு. ஏறுங்க, அவ்வளவுதான்.”

அனார்குல் உள்ளதைத்தான் சொன்னாள். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் முனகிக்கொண்டே கிளம்பினார்கள். கணவன் குட்டிகளை அவிழ்த்து விரட்டினான், குழந்தைகளைச் சேணத்தில் ஏற்றினான். மாம்பெதாலி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. “தெரியலைன்னு அவளே சொல்றா. தெரிஞ்சதும் கூப்பிடச் சொல்லு, வர்றேன்” என்று திண்டில் சாய்ந்துகொண்டார். மகன் கெஞ்சினான், அதட்டினான், தூக்கப் பார்த்தான். கிழவர் சாட்டையை எடுத்தார். குழந்தைகளை மேட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு மகன் ஓடினான். அவன் திரும்புவதற்குள் ஆறு பழுப்பாகி, பாறைகளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஏரிக் கரை காலையிலேயே சரிந்து கருவியைக் கொண்டுபோயிருந்ததாம். மதியம்தான் முழுதாக உடைத்திருக்கிறது. அத்தனை பேரைக் காப்பாற்றிய பெண் என்று அதிகாரிகள் புருலைப் பாராட்டினார்கள். எர்கின் தானாகவே வந்து, மஞ்சளைச் சேர்த்துவிடு என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாம்பெதாலியின் துக்கத்துக்குப் போனாள். வெளியே ஆண்கள் தடியூன்றிக் குனிந்து அழுதுகொண்டிருந்தார்கள். துக்கத்துக்கென்று புதிதாக எழுப்பிய கூடாரத்துக்குள் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். கறுப்பு உடையிலிருந்த அனார்குல் அக்காளைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். புருல் தங்கையின் தோளில் முகத்தை வைத்து விம்மினாள். உடம்பெல்லாம் குற்ற உணர்வு குத்தியது.

“வருதுன்னு சொல்லியிருக்கலாமே எஜே” என்றாள் அனார்குல், காதோடு காதாக. அவள் குரலில் கோபமே இல்லை. “ஒரே ஒரு பொய். நீ சொன்னா அவர் எந்திரிச்சிருப்பாரு.”

புருல் தங்கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“நானாவது மாத்திச் சொல்லியிருக்கணும்” என்றாள் தங்கை. “நீ சொன்னதையே அப்படியே போய்ச் சொன்னேன்.”