ரெண்டு ஜன்னல் அக்கா

முதல் ஜன்னலை மூடாமலே இரண்டாவதைத் திறக்கிறார். கணினித் திரையில், தூரத்து சர்வருக்குள் நுழையும் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால்தான் அக்காவுக்கு மூச்சு சீராக வரும். இரத்த வங்கியில் எல்லாருக்கும் அவர் 'ரெண்டு ஜன்னல் அக்கா'. கேலிதான். அவர் கண்டுகொள்வதில்லை.

கேலி செய்பவர்களுக்கு அந்த பஸ் பயணம் தெரியாது. மூன்று வருடங்களுக்கு முன், மலைக்கு அப்பாலுள்ள கிளையில் இருக்கும் சர்வரின் லாகின் முறையை மாற்றினார். சரிபார்க்காமல், இருந்த ஒரே ஜன்னலையும் மூடிவிட்டார். திரும்ப நுழைய வழியில்லை. ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் போய், சர்வர் எதிரிலேயே உட்கார்ந்து சரிசெய்தார். எந்த வகை இரத்தம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அன்று ஏழு மருத்துவமனைகள் தவித்தன. அன்றிலிருந்துதான் இந்த இரண்டு ஜன்னல் வழக்கம்.

இன்றைய வேலை அதைவிடப் பெரிது. யாரோ ஒரு வாரமாக விதவிதமான பாஸ்வேர்டுகளைப் போட்டு அதே சர்வரைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாஸ்வேர்டு வழியையே அடைத்தாக வேண்டும். மேலாளர் தடுத்துப் பார்த்தார்.

"இத்தன வருஷமா ஓடுதேம்மா, எதுக்கு வம்பு?"

"பாஸ்வேர்ட யாரு வேணா ஊகிச்சுடலாம் சார். இது ஜோடியா வரும். பூட்டு அங்க, சாவி இங்க. பூட்ட ஊருக்கே காட்டலாம். சாவி என் மெஷின விட்டு எறங்காது."

ஜோடியை உருவாக்கிப் பூட்டை சர்வருக்கு அனுப்பினார். இரண்டாவது ஜன்னலில் நுழையப் பார்த்தால், சர்வர் பழையபடி பாஸ்வேர்டே கேட்டது. மேலாளர் முகம் சுண்டிப்போனது. அக்கா பதறவில்லை, முதல் ஜன்னல்தான் திறந்திருக்கிறதே! அதன் வழியே உள்ளே துழாவினார். பூட்டு இருந்த கோப்புறையில் யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருக்கும் பூட்டை சர்வர் நம்பாது.

"உன் சந்தேகம் நியாயந்தான்டா கண்ணா," என்று திரையைக் கொஞ்சியபடி அந்த அனுமதியைத் தனக்கு மட்டும் என்று சுருக்கினார். மறுபடி முயன்றார். எதுவும் கேட்காமல் உள்ளே விட்டது.

பாஸ்வேர்டு வழியை அடைத்தார். புதிதாக இன்னொரு முறை நுழைந்து பார்த்துவிட்டுத்தான் முதல் ஜன்னலை மூடினார். வெளியே தட்டுகிறவர்களுக்கு சர்வர் சொல்லும் பதில் வரிவரியாக ஓடியது: மறுப்பு, மறுப்பு, மறுப்பு.

"தட்டுங்க ராசா, நல்லா தட்டுங்க!" அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து அந்த அறை பார்த்ததில்லை.

"அப்ப என் பாஸ்வேர்டு?" என்றார் மேலாளர்.

மேலாளரின் கணினி ஓரத்தில், போகிற வருகிறவர்களெல்லாம் படிக்கும்படி பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டை அக்கா உரித்தெடுத்தார். நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த அவர் மேசையின் காலுக்கடியில் சொருகினார்.