யாரோ போட்டுவிட்ட ஓட்டு

எலுமிச்சைத் தோலை எவ்வளவு தேய்த்தாலும் போகாத எறா வாடை அம்மாவின் விரல்களில் இருந்தது. தலை பின்னும்போதும், சோறு பிசையும்போதும், காய்ச்சல் என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போதும், அம்மாவின் கைக்கு முன்னால் அந்த வாடைதான் வந்து சேரும். திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, கடலுக்கு மூன்று தெரு முன்னால் எங்கள் வீடு. சாலைக்கு மேற்கே நாங்கள் 'எறா கம்பெனி' என்று சொன்ன கூடம். எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் அங்கே நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கையை வைத்து இறால் உரித்தார்கள். ஐஸும் உப்பும் இறால் ஓட்டின் கூரும் சேர்ந்து விரல் நுனித் தோலை வெளுக்கவைத்து, உப்பவைத்து, கடைசியில் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கிவிடும். 'ரேகையே தேஞ்சி போச்சி, இனிமே எவனும் நமக்கு ஜோசியம் பாக்க முடியாது' என்று கஸ்தூரி அத்தை சொல்லிச் சிரிப்பாள்.

கஸ்தூரி அத்தை எங்களுக்கு உறவில்லை. அம்மாவோடு ஒரே மேஜையில் இறால் உரித்தவள், ஒரே அடிபம்பில் தண்ணீர் பிடித்தவள். கணவன் இறந்துவிட்டான், பிள்ளை இல்லை. முதலில் அவள் குடியிருந்தது எங்களுக்கும் கிழக்கே, கரையை ஒட்டிய கடைசித் தெருவில். ஒரு புயல் மழையில் அந்தத் தெருவைக் கடல் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் லாரி லாரியாகக் கல் கொண்டுவந்து கொட்டினார்கள். கஸ்தூரி அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்தாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஒரு தேர்தல் வந்தது. சீட்டில் முத்திரை குத்துவது போய், 'பட்டன் மிஷின்' எங்கள் பக்கம் வந்த முதல் தேர்தல். அமுக்கினால் பீ... என்று நீளமாகச் சத்தம் வருமாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மாவுக்கு அதை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. என் சிலேட்டில், என்னோடு உட்கார்ந்து, தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டவள் அவள். 'லோகம்மாள்' என்று எழுதி முடிக்கும்போது கடைசி எழுத்தின் வாலைச் சற்று நீட்டி ஒரு சுழி போடுவாள். ரேஷன் கடையோ பள்ளிக்கூடமோ, எங்கே மை டப்பாவை நீட்டினாலும், 'பேனா குடு' என்பாள்.

எங்கள் தெருவின் ஓட்டெல்லாம் டில்லி அண்ணன் கணக்கு. அவர் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். பதவியைச் சுருக்கி ஆளையே 'வட்டம்' என்று கூப்பிடுவார்கள். மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் என் நைனாவுக்கு மூட்டை ஏற்றும் வேலை கிடைத்ததும், அதற்கான கேட் பாஸ் வந்ததும் அவர் சொல்லித்தான். ஆகவே எங்கள் வீட்டில் எந்தச் சின்னம் என்ற பேச்சே எழுந்ததில்லை. அம்மாவும் அதற்குத்தான் போடுவதாக இருந்தாள். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

தேர்தல் நாளன்றும் எறா கம்பெனியில் லீவு விடவில்லை. சாயங்காலம் ஓடிவந்து போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போனாள். கஸ்தூரி அத்தை அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டாள். ஆனால் ஐஸ் வண்டி வரவில்லை. பத்தரை மணிக்கே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா குளித்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி கிளம்பினாள்.

வாக்குச்சாவடி என் பள்ளிக்கூடத்தில்தான், அதுவும் என் வகுப்பறையில். வாசலில் நின்ற போலீஸ்காரர் 'உனுக்கும் ஓட்டு கீதா?' என்று என்னைக் கேட்டுச் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். முதல் மேஜையில் இருந்தவர் பட்டியலில் விரலை ஓட்டி நிறுத்தினார், பெயரைப் படித்தார், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"உங்க ஓட்டு போட்டாச்சேம்மா."

"நானு இப்பத்தான சார் வரேன்?" அம்மா இடதுகை விரல்களை விரித்துக் காட்டினாள். மை இல்லை.

புகைப்பட அட்டை பாதிப்பேரிடம் இல்லாத காலம் அது. கட்சிக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தால், உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுகள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால், ஓட்டு விழுந்துவிடும். டில்லி அண்ணனின் ஏஜெண்டாக சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பக்கத்துச் சந்து சேகர். அவர் எழுந்து வந்து தாழ்ந்த குரலில், "வுடுக்கா. யாரு போட்டா இன்னா, நம்ம ஓட்டு நம்மளுக்குத்தான் உழுந்துகீது. வூட்டுக்குப் போ" என்றார்.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நா யாருக்குப் போடுவேன்னு உனுக்கு எப்டிடா தெரியும்?"

சேகர் சிரித்தார். அது அவருக்கு உண்மையாகவே வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்புதான் அம்மாவை அங்கேயே நிறுத்தியது என்று நான் நினைக்கிறேன்.

தலைமை அலுவலர் ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் ஈரத்துண்டு போட்டிருந்தார். சத்தம் கேட்டு வந்தவர், அலுப்போடு கையெழுத்துப் பதிவேட்டைப் புரட்டி அம்மா பக்கம் திருப்பினார். "இதோ, கைநாட்டு வெச்சிருக்கீங்களேம்மா."

"நா கைநாட்டு வெக்க மாட்டேன் சார். நா கையெழுத்துப் போடுவேன்" என்றபடி அம்மா குனிந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே நீல மையில் ஒரு வட்டம். மேலும் கீழும் இருந்த கைநாட்டுகளிலெல்லாம் கோடு கோடாக ரேகை தெரிந்தது. இதில் ஒன்றுமில்லை, வெறும் மைத்தீற்றல், துடைத்துவிட்ட மாதிரி. அம்மா அதை ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தாள். அவள் முகத்திலிருந்த கோபம் சட்டென்று வேறு ஏதோ ஆனது. அதற்குப் பிறகு, யார் போட்டது, கண்டுபிடியுங்கள் என்று அவள் கேட்கவே இல்லை. "என் ஓட்டு எனுக்கு வேணும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அலுவலர் முடியாது என்றார். பின்னால் வரிசை சலசலத்தது. அம்மா வெளியே வந்து, வகுப்பறை வாசலுக்கு எதிரே வராந்தாவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அலுவலரின் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு நைனா வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "வா வூட்டுக்கு. வட்டம் காதுக்குப் போச்சின்னா பேஜாரா பூடும். பாஸ் அவரு வாங்கிக் குடுத்தது, தெரியுமில்ல?"

"பாஸு அவுரு வாங்கிக் குடுத்தாரு. என் பேரு எங்கப்பா வெச்சது" என்றாள் அம்மா.

நைனாவைக் கோழை என்று அப்போது நினைத்தேன். மாதக் கடைசியில் அரிசிப் பானையைத் திறந்து பார்க்கும் வயது எனக்கும் வந்த பிறகு அப்படி நினைப்பதில்லை. அவர் எதிர்க் கடைக்குப் போய் எங்கள் இருவருக்கும் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறைந்தது. விரலில் மை வைக்கும் வேலைக்கு வந்திருந்த இளம் பெண் காலையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவள். அவள் எழுந்து போய் அலுவலரிடம், "சார், இதுக்குன்னு தனியா ஒரு சீட்டு இருக்கே, டிரெய்னிங்ல சொன்னாங்களே" என்றது வராந்தாவரை கேட்டது. அவர் அவளை முறைத்தார். பிறகு அட்டைப் பெட்டியைக் கிளறி ஒரு உறையை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையேட்டில் ஏதோ தேடிப் படித்தார். "வாங்கம்மா. பதினெட்டு வருஷமா எலக்‌ஷன் டூட்டி பாக்கறேன், இந்தக் கவர நான் பிரிச்சதே இல்ல" என்றார். குரலில் காலையிலிருந்த எரிச்சல் இல்லை.

கணவர் பெயர், கதவு எண், வயது எல்லாம் கேட்டார். பிறகு ஏஜெண்டுகள் பக்கம் திரும்பி, "இவங்கதான் லோகம்மாளா?" என்றார்.

சேகர் தன் செருப்பைப் பார்த்தார்.

"சொல்லுடா" என்றாள் அம்மா. "நேத்துகூட எங்கூட்ல சோறு துன்ன இல்ல?"

"அவங்கதான் சார்" என்றார் சேகர்.

அம்மாவுக்கு மிஷின் கிடைக்கவில்லை, பழையபடி ஒரு சீட்டும் முத்திரையும்தான். பதிவேட்டில் சுழி போட்டுக் கையெழுத்திட்டாள். மறைவுக்குப் பின்னால் போனாள், வெகுநேரம் வரவில்லை. வந்து, மடித்த சீட்டை அலுவலரிடம் கொடுத்தாள். அவர் அதைத் தனி உறையில் போடும் முன் சற்றுத் தயங்கினார்.

"அம்மா, ஒண்ணு சொல்லிடறேன். இத மத்ததோட சேத்து எண்ண மாட்டாங்க. கேஸு கீஸுன்னு கோர்ட்டு கேட்டாதான் பிரிப்பாங்க."

நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது இதற்கா என்று எனக்கு அழுகை வந்தது. அம்மா உறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பரவால்ல சார். உள்ள வையி" என்றாள்.

அன்று சாயங்காலம் கஸ்தூரி அத்தை அடிபம்புக்கு வரவில்லை. அம்மா அவள் வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். கதவைத் தள்ளியதும் கஸ்தூரி அத்தை எழுந்து நின்றாள். அம்மா ஒன்றும் கேட்காமலே அவளாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"விதவைப் பென்ஷனுக்கு எழுதித் தரேன்னான் டில்லி. நீ கம்பெனியில கீற, வரமாட்டன்னான். தப்புதான் லோகு. ஆனா பென்ஷனுக்கு மட்டும் இல்ல. எனுக்கும் ஓட்டுப் போடணும்னு இருந்திச்சி. லிஸ்ட்ல என் பேரே இல்லன்னுட்டாங்க. அந்த விலாசத்துல வூடு இல்லியாம். என் கதவு நம்பரு கடலுக்குள்ள கீது, நா இன்னா பண்ணுவேன்?"

அம்மா வாசலிலேயே நின்றாள். கஸ்தூரி அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவன் சொன்ன சின்னத்த நா அமுக்கல, அத மட்டும் தெரிஞ்சிக்கோ" என்றாள்.

சேகர் அவ்வளவு நிச்சயமாகச் சொன்ன 'நம்ம ஓட்டு' அவர் சின்னத்தில் விழவில்லை என்று அங்கே நின்ற எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தது. உறைக்குள் போன சீட்டில் அம்மா எங்கே முத்திரை வைத்தாள் என்பது இன்றுவரை எனக்கும் தெரியாது. காலையில் எண்ணிக்கொண்டு போன சின்னத்தில்தானா, நாலு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்த பிறகு வேறெதிலாவதா? கேட்டால், 'அதக் கேக்கக் கூடாது' என்பாள்.

நைனாவின் கேட் பாஸ் அடுத்த வாரமே நின்றது. டில்லி அண்ணன் எதுவும் பேசவில்லை. கேட்டில் நின்றவன்தான் 'உன் பேரு இல்ல' என்றான். மூன்று மாதம் நைனா மாதவரத்தில் லாரிகளுக்குச் சுமை ஏற்றப் போனார். அம்மாவை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்று எழுதினால் பொய். சொன்னார், பலமுறை சொன்னார். ஆனால் அடுத்த தேர்தலுக்கு டில்லி அண்ணனின் ஆட்கள் சீட்டோடு வந்தபோது, 'எங்கூட்டு ஓட்ட நாங்களே போட்டுக்கறோம்' என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியவரும் அவர்தான்.

அம்மா கஸ்தூரி அத்தையோடு ஏழெட்டு மாதம் பேசவில்லை. ஒரே மேஜையில் நின்று, ஒரே தொட்டியில் கைவிட்டு, பேசாமல் உரித்தார்கள். பிறகு ஒருநாள் அம்மா அரைநாள் லீவு போட்டு, அவளை இழுத்துக்கொண்டு பெயர் சேர்க்கிற ஆபீசுக்குப் போனாள். படிவத்தை நான்தான் நிரப்பினேன். மூன்று முறை அலைந்த பிறகு பெயர் வந்தது, 'கஸ்தூரி' என்பது 'கஸ்துரி' ஆகி. குறிலோ நெடிலோ, கால் வைக்க ஒரு இடம் கிடைத்ததே என்றாள் கஸ்தூரி அத்தை.

நான் இப்போது ஆசிரியை. மூன்று தேர்தல்களில் பணி செய்திருக்கிறேன். அந்த உறையைப் பிரிக்க எனக்கு ஒருமுறைகூட நேரவில்லை. பட்டியலில் முகமே அச்சாகி வருகிறது. அமுக்கிய சின்னத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் சில நொடி காட்டிவிட்டுச் சீட்டு விழுகிறது. எங்கள் தெருப் பிள்ளைகளிடம் 'கள்ள ஓட்டு' என்றால் பழைய கதை கேட்பதுபோலப் பார்க்கிறார்கள். எறா கம்பெனி இருந்த இடத்தில் கண்டெய்னர்கள் நிற்கின்றன. டில்லி அண்ணன் இல்லை. அவர் வேலையைச் செய்ய இப்போது வீடு வீடாக வரத் தேவையில்லை, செல்போனிலேயே முடிந்துவிடுகிறது. ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட முடியாதபடி கதவை நன்றாகத்தான் அடைத்துவிட்டோம். அந்தக் கதவுவரை வந்து சேராதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கஸ்தூரி அத்தையை, பிறகு அவள் குடிபோன தெருவோடு சேர்த்து, நகரத்தின் தென்கோடியில் ஒரு எட்டு மாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். கடந்த தேர்தலில் எனக்குக் கைக்குழந்தை இருந்ததால் பணி வரவில்லை. அம்மாவை நான்தான் சாவடிக்கு அழைத்துப் போனேன். பள்ளி வாசலில் கஸ்தூரி அத்தை நின்றிருந்தாள். இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறி விடியற்காலையிலேயே வந்துவிட்டாளாம். இங்கே, இடம் பெயர்ந்தவள் என்று பெயரை எடுத்துவிட்டது வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அங்கே இன்னும் சேர்க்கவில்லை.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வெளியே வெகுநேரம் நின்றாள். "நீ போடி. எனுக்கும் சேத்துப் போட்டுட்டு வா" என்றாள் கஸ்தூரி அத்தை.

"ஒருத்திக்கு ஒண்ணுதான்டி" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்திருக்க வேண்டும்; போலீஸ்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

மாலையில் அவளை பஸ் ஏற்றப் போனோம். "அடுத்த தபா அங்கியே பேர சேத்துக்கோ. இவ்ளோ தூரம் அலையாத" என்ற அம்மா, கொஞ்சம் யோசித்து, "ஆனா அங்க உனுக்கு யாரத் தெரியும்?" என்றாள்.

"இங்க மட்டும் நம்மள யாருக்குத் தெரியும் லோகு?" என்றாள் கஸ்தூரி அத்தை.

பஸ் வந்தது. அம்மா அவள் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டாள்.