எட்டாம் அறையின் ஆறு கட்டங்கள்

மருத்துவக் கல்லூரிக்காரர்கள் எதற்கும் ஒரு புது வழி கண்டுபிடிப்பார்கள். துக்கச் செய்தியை எப்படிச் சொல்வது என்று புத்தகத்தில் படித்தால் போதாதாம்; எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து நிஜமாகவே அழவேண்டுமாம். அப்படி அழுவதற்கென்றே அவளை வேலைக்கு எடுத்தார்கள். அதற்கு முன் பதினோரு வருஷம் மருத்துவமனையின் விசாரணை மேசையில் உட்கார்ந்து, யார் யார் எப்படி அழுவார்கள் என்று கண்ணாரப் பார்த்தவள். அவளுக்கு எட்டாம் அறையை ஒதுக்கினார்கள். மாணவர்களுக்கு அவள் 'எட்டாம் நம்பர் அம்மா'.

கதை எப்போதும் ஒன்றுதான். விபத்தில் அடிபட்ட அவள் கணவர் ஆபரேஷன் மேசையிலேயே இறந்துவிட்டார். மாணவர் உள்ளே வந்து அதை அவளிடம் சொல்லவேண்டும். பத்து நிமிஷம். மணி அடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மதிப்பெண் தாளின் ஆறு கட்டங்களையும் அவளே நிரப்புவாள். கதவைச் சாத்தினாரா, பக்கத்தில் உட்கார்ந்தாரா, என்ன தெரியும் என்று கேட்டாரா, செய்தியைத் தெளிவாகச் சொன்னாரா, அழுது முடிக்கும்வரை பொறுத்தாரா, வேறு கேள்வி உண்டா என்று கேட்டாரா.

நிஜக் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. சாப்பிட உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"இன்னிக்கு என்னை எத்தனை தடவை சாகடிச்சே?"

"பன்னெண்டு."

"அப்ப என் ஆயுசு கெட்டி."

ஒரு வருஷம் நெடுநெடுவென்று ஒரு மாணவன் வந்தான். கதவைக்கூடச் சாத்தவில்லை. நின்றபடியே, "உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா" என்று போட்டு உடைத்தான். அவள் தாளில் முட்டை போட்டாள்.

"இப்படித் தலையில கல்லைப் போட்டா யாருப்பா தாங்குவா? முதல்ல உட்காரு. மூச்சு விட நேரம் குடு. மனசுக்குள்ள பத்து எண்ணு. எவ்வளவு அவசரம்னாலும் வரிசையை மட்டும் விடாதே."

அவனை மூன்று தடவை திரும்ப வரவைத்தாள். மூன்றாம் தடவை முழு மதிப்பெண். அதில் அவளுக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மைதான்.

நாலு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் அவள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அதே மருத்துவமனைக்குத்தான் தூக்கி வந்தார்கள். எட்டாம் அறையிலிருந்து அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வந்து நின்ற டாக்டர் அந்த நெட்டைதான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த சின்ன அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினான். நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தான்.

"இதுவரைக்கும் உங்களுக்கு என்ன தெரியும்மா?"

அது மூன்றாம் கட்டத்துக் கேள்வி. அவள் வாய் பழக்கத்தில் பதில் சொன்னது. "மயங்கி விழுந்துட்டாருன்னு சொன்னாங்க."

"நான் சொல்லப்போறது கஷ்டமான விஷயம்."

அவன் மனசுக்குள் பத்து எண்ணினான். அவளும் கூடவே எண்ணினாள். பாவி, அந்தப் பத்தைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தானே.

"இதயம் ரொம்ப பலவீனமாயிடுச்சும்மா. எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டோம். பிழைக்க மாட்டார்."

அவள் அழுதாள். அவன் பொறுத்திருந்தான். எட்டாம் அறையின் கணவர் எப்போதோ செத்துப்போனவர். அங்கே யாரும் எங்கேயும் ஓடவேண்டியதில்லை. பிழைக்க மாட்டார் என்றால் இந்த நிமிஷம் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அது அவனுக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை.

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் கதவைத் திறந்தாள். டாக்டரைப் பார்த்து இல்லையென்று தலையசைத்தாள். பிறகு கிட்டே வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"வந்துட்டாளா வந்துட்டாளான்னு ரெண்டு தடவை கேட்டாரும்மா. வெளிய வந்து தேடினேன், இந்தக் கதவு சாத்தியிருந்துச்சு, உங்களைக் காணோம்."

அவர் படுத்திருந்தது சுவருக்கு அந்தப் பக்கம். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொன்ன மாதிரிதாம்மா செஞ்சேன்" என்றான். அவன் குற்றம் சொல்லவில்லை. அவன் அப்படிச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டு மனசு ஆறியிருக்கும்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கேள்வி காதில் விழுந்துகொண்டே இருந்தது. முதலில் வந்த மாணவி நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தாள். கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுவரைக்கும் உங்களுக்கு என்ன தெரியும்மா?"

"அவர் உயிரோட இருக்காரா?"

கதையில் இல்லாத கேள்வி. மாணவி திகைத்துப்போய் மணியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"அதை நாலாவதாதான் சொல்லணும்மா" என்றாள் பணிவாக. "இப்பதான் மூணாவதுல இருக்கோம்."

எட்டாம் நம்பர் அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தாள்.