துரை காருக்குப் பின்னால்

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு, இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணிக்குக் கார் ஓட்டுவதை விட்டால் வேறு பிழைப்பில்லை. பள்ளத்தில் உருண்டு நொறுங்கிய பெரிய கார் ஒன்றை அவர் வாங்கி, அதன் இஞ்சினைக் கழற்றித் தன் பழைய காரில் பூட்டினார்.

“பிரேக்கு பழசுங்களே, தாங்குமாங்க?” என்றேன்.

“போடா பயந்தாங்கொள்ளி! இனிமே துரை காரே நமக்குப் பின்னாலதான்.”

அடுத்த வாரமே அவர் மகளுக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் மேட்டில், தோட்டத்தையே நிர்வகிக்கும் துரையின் சின்னக் கார் எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. துரையை முந்துவது தோட்டத்தில் வழக்கமில்லை. பின்சீட்டில் கங்காணியின் மனைவியைப் பிடித்துக்கொண்டு மகள் கதறினாள்.

“ஹாரன் அடிக்காத. மெதுவாவே போ” என்று கங்காணி கிசுகிசுத்தார். மலை அதிர உறுமும் இஞ்சினை வைத்துக்கொண்டு ஆமைபோலப் போனோம்.

“பின்ன எதுக்குங்க இந்த இஞ்சின பூட்டுனீங்க? பூசை போடவா?” என்று சீறிய அவர் மனைவி, என் தோளுக்கு மேல் கையை நீட்டி ஹாரனை அழுத்தினார்.

துரை உடனே ஒதுங்கி, போகச் சொல்லிக் கைகாட்டினார். சலாம் போடுவதற்காக ஓடும் காருக்குள்ளேயே எழுந்த கங்காணி, கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகும் கங்காணியைக் கண்டால் எழுந்து நின்றேன், வேலை போய்விடுமே என்றுதான். அவர்மேல் இருந்த மரியாதை அந்த மேட்டிலேயே இறங்கிப் போய்விட்டது.