உள்ளங்கையில் எழுந்து நின்ற பிளாஸ்டிக்

இன்னிக்கு காலையில ஆஸ்பத்திரிக்குப் போக ஏறின காலாப்பட்டு பஸ்ல, ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒருத்தி பக்கத்துல உட்கார்ந்தா. மடியில சின்ன டப்பா. உள்ள சருகு மாதிரி மெல்லிசா ஒரு துண்டு.

"என்னம்மா இது?"

"லேப்ல நாங்க செஞ்ச பிளாஸ்டிக், அக்கா. ஈரம் பட்டா தானா அசையும். கையைக் காட்டுங்க."

வலது உள்ளங்கையில வெச்சா. வெச்ச உடனே அது சுருண்டு எழுந்து, புரண்டு, திரும்பவும் சுருண்டுச்சு. பேட்டரி இல்ல, ஒயர் இல்ல.

"உங்க கை வேர்வையே அதுக்குப் போதும்கா."

வேர்வைன்னதும் இடது கையைப் பார்த்தேன். உடைஞ்ச கண்ணாடி வெட்டி, அறுந்த நரம்பைத் தைச்சதுலேர்ந்து அந்த உள்ளங்கை காய்ஞ்சே கிடக்கு. விரல் மடங்காது. "நரம்புக்கு உயிர் திரும்பினா வேர்வையும் வரும்"னு கோரிமேடு ஆஸ்பத்திரியில டாக்டர் சொல்லியிருந்தாரு.

"இதுல வெச்சுப் பாரும்மா."

வெச்சா. அசையல. ரெண்டு பேரும் குனிஞ்சு பார்த்துட்டே இருந்தோம். கையை இழுத்துக்கலாம்னு நினைச்சப்போ, துண்டோட ஓரம் மெதுவா தூக்குச்சு. அப்புறம் முழுசா வளைஞ்சு எழுந்துச்சு.

"அக்கா, வேர்க்குதுக்கா."

எனக்கு அந்தக் கையில எதுவுமே தெரியல. அந்தத் துண்டுக்குத் தெரிஞ்சுது.

ஆஸ்பத்திரியில டாக்டர் லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு, "ஆமா, லேசா ஈரம் வந்திருக்கு"ன்னாரு.

இந்த வெயில்ல பாண்டியே வேர்வையைத் திட்டிட்டிருக்கு. வேர்த்ததுக்கு பஸ்ல உட்கார்ந்து சந்தோஷமா அழுதது நான் மட்டும்தானா? வேற யாராவது இருந்தா சொல்லுங்க.