கடதாசிக் கட்டும் என் கைவேகமும்

மேஜிக்காரனுக்கு மற்ற ஊர்களில் கை தட்டுவார்கள். எங்கள் கல்முனைப் பக்கத்தில் கை தட்டிவிட்டு, அவன் கையைப் பிடித்துத் திருப்பியும் பார்ப்பார்கள். ஐம்பத்திரண்டு சீட்டுக் கடதாசிகளோடு பதினெட்டு வருடமாக மேடையேறுகிறேன். நாலு பேருக்கு முன்னால் நின்று பிழைக்கிறவர்களுக்கு என் பாடு விளங்கும்.

கல்யாண வீட்டில்

சாய்ந்தமருதில் ஒரு கல்யாணம். முதல் வித்தையிலேயே மாப்பிள்ளையின் மாமா எழும்பி வந்துவிட்டார். ஊரில் மதிப்பான மௌலவி. இது சூனியமா, சூதா, ரெண்டில் எது என்று கேட்டார். அன்று நான் தலைகுனிந்து இறங்கியிருந்தால் பிறகு இந்தக் கரையில் யாரும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அவரைப் பக்கத்தில் இருத்தி, எந்த விரலால் மறைக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே அதே வித்தையை மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் சிரித்துவிட்டார்.

“சூனியமில்ல, சூதுமில்ல, வெறும் கைவேகம்தான். ஆனா இந்தக் கையோட தராசு மட்டும் பிடிச்சிடாதீங்க தம்பி.”

மாட்டைத் தேடி வந்தவர்

வீரமுனையிலிருந்து ஒரு விவசாயி காலையிலேயே வீட்டுக்கு வந்தார். சினைமாட்டை மூன்று நாளாகக் காணவில்லையாம். ஒரு கூட்டத்தில் ஒரு பெண் மனதில் நினைத்த கடதாசியை நான் சொன்னதைப் பார்த்திருக்கிறார். மாட்டையும் அப்படியே சொல்லச் சொன்னார்.

வித்தையின் ரகசியத்தை வெளியில் சொல்வது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். இருந்தும் நம்பி வந்த மனுசனை ஏமாற்ற மனம் வரவில்லை. முழுவதையும் பிரித்துக் காட்டினேன். பிறகு அவருடைய மோட்டார் சைக்கிளிலேயே ஏறி, வயல் வயலாக விசாரித்துப் போனோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கன்றும் ஈன்று படுத்திருந்தது மாடு. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

“கடதாசியத் தொடாமலே கண்டுபிடிச்சிட்டீங்களே, காக்கா.”

வலது கை

அட்டாளைச்சேனையில் ஒரு கடற்றொழிலாளிக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை அவர் எறிந்துவிட்டாராம். கடதாசியாவது பழக்கிப் பாருங்கள் என்று மனைவி வந்து கேட்டா.

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவர் வீட்டுக்குப் போவேன். கட்டு கைநழுவித் தரையெல்லாம் சிதறும். நான் குனிந்தால் கோபப்படுவார். ஒவ்வொன்றாக அவரே பொறுக்குவார், அதுவும் அந்த வலது கையால். இப்படி ஐந்து மாதம்.

ஒருநாள் கட்டை விரித்து, ஒன்றை எடுக்கச் சொன்னார். எடுத்தேன், திருப்பி வைத்தேன். குலுக்கினார். வலது கையாலேயே என் கடதாசியை உருவி நீட்டினார். அதை எங்கே ஒளித்தார் என்று பார்த்துவிட்டேன். பார்க்காதவன் மாதிரி இருந்தேன். எந்த மேடையிலும் வராத பெருமை எனக்கு அன்று வந்தது. மனைவி வாசலில் நின்று கண்ணைத் துடைத்தா. அவர் மட்டும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டார்.

“எப்பிடிச் செஞ்சன் எண்டு மட்டும் கேக்காதீங்க மாஸ்டர், அது தொழில் ரகசியம்.”

ஊரறிய ஏமாற்றிவிட்டு, “இன்னொருக்கா ஏமாத்துங்க” என்று மரியாதையோடு கேட்க வைக்கிற தொழில் இந்தக் கரையில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.